டிபக்கர் தானே கிராஷ் ஆகாமல் காப்பது எப்படி: ரெஃபரன்ஸ் கவுண்டிங் செய்முறை

பிற நிரல்களின் பிழையைக் கண்டுபிடிப்பதற்காக எழுதப்பட்ட டிபக்கர், அந்த வேலையின் நடுவே தானே கிராஷ் ஆகி விழுந்தால், பிழை தேடியவர் அதுவரை சேர்த்து வைத்திருந்த தடயங்கள் எல்லாம் அதோடு போய்விடுகின்றன. நாகர்கோவிலில் சனிக்கிழமைதோறும் கூடி, மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக லினக்ஸில் இயங்கும் சிறிய டிபக்கர் ஒன்றை சி++ மொழியில் எழுதிவரும் எங்கள் குழுவுக்கு இந்த அனுபவம் முதல் ஆண்டிலேயே வாய்த்தது. ஒரு பிரேக்பாயிண்டில், அதாவது நிரலின் ஓட்டத்தை நிறுத்தும்படி நாம் குறித்து வைத்த இடத்தில், ஓட்டம் நின்றதும் தானாக ஓட வேண்டிய கட்டளைகளை அந்தப் பிரேக்பாயிண்டோடு இணைத்து வைக்கும் வசதியை அப்போதுதான் சேர்த்திருந்தோம். மார்த்தாண்டத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் அதில் மூன்று கட்டளைகளை எழுதினார்: ஒரு மாறியின் மதிப்பைக் காட்டு, இந்தப் பிரேக்பாயிண்டையே நீக்கு, ஓட்டத்தைத் தொடர். முதல் கட்டளை ஒழுங்காக ஓடியது. இரண்டாவது கட்டளை, அந்தப் பிரேக்பாயிண்டின் விவரங்களை நினைவகத்தில் தாங்கும் ஆப்ஜெக்ட்டை அழித்தது. கட்டளைப் பட்டியலும் அந்த ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே இருந்ததால் அதுவும் சேர்ந்து அழிந்தது. மூன்றாவது கட்டளையை எடுக்கப் போன சுழற்சி, ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் கை வைத்தது. என் கணினியில் பெரும்பாலும் எதுவும் நடக்கவில்லை. அவருடைய மடிக்கணினியில் ஒவ்வொரு முறையும் டிபக்கர் விழுந்தது.

விடுவிக்கப்பட்ட நினைவகம் பொதுவாக உடனே துடைக்கப்படுவதில்லை. வேறு யாராவது அந்த இடத்தை வாங்கி எழுதும்வரை பழைய எழுத்துகளில் பெரும்பகுதி அப்படியே கிடக்கும். ஆகவே இவ்வகைப் பிழை, எழுதியவரின் மேசையில் ஒளிந்துகொண்டு, பயன்படுத்துபவரின் மேசையில் வெளிப்படும். இதற்கு ஒரு தீர்வு 1960-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் காலின்ஸ் வெளியிட்ட ரெஃபரன்ஸ் கவுண்டிங் முறையாகும்: ஓர் ஆப்ஜெக்ட்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை அதனோடு வைத்திருந்து, அது சுழியமாகும்போது மட்டும் நினைவகத்தை விடுவிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒவ்வோர் உரிமையையும் இங்கே ‘பிடி’ என்று அழைக்கிறேன். பிடி வாங்குவது எண்ணிக்கையில் ஒன்று கூட்டுவது, பிடியை விடுவது ஒன்று கழிப்பது.

எங்கள் மாவட்டத்தில் இதை விளக்க உவமை தேடி அலைய வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தபோது, பிற மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியப் பணியாளர்களும் சேர்ந்து பல நாள்கள் கம்பிகளைச் சீரமைத்தார்கள். ஒரே மின்பாதையில் மூன்று குழுக்கள் மூன்று இடங்களில் கம்பம் ஏற வேண்டுமானால், ஒவ்வொரு குழுவும் தனித்தனியே எல்.சி. (லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்க வேண்டும், மூன்று எல்.சி.யும் திரும்பி வந்த பின்னரே அந்தப் பாதைக்கு மின்சாரம் விடுவார்கள். ஒரு குழு தன் எல்.சி.யைத் திருப்பித் தர மறந்தால் ஊர் இருட்டில் கிடக்கும். ஒரு குழு அடுத்த குழுவினுடையதையும் தவறாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கம்பத்தின் மேல் இருப்பவரின் உயிர் போகும். நிரலில் முதலாவதற்குப் பெயர் நினைவகக் கசிவு, இரண்டாவதற்குப் பெயர் விடுவித்த பின் பயன்படுத்துதல். இரண்டில் ஒன்றைத்தான் தவிர்க்க முடியும் என்ற நிலை வந்தால் நான் இருட்டையே தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் இந்த உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. டிபக்கர் எழுதுவோர் கவனமாகப் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. எல்.சி. கையில் இருக்கும்வரை கம்பியின் நிலை மாறாது. டிபக்கரிலோ, த்ரெட் எனப்படும், நிரலுக்குள் தனியே ஓடும் ஓர் இழையைப் பற்றிய நம் பதிவைப் பிடித்திருக்கிறோமே தவிர, அந்த த்ரெட்டையே பிடித்திருக்கவில்லை. ஆய்வுக்கு உள்ளாகும் நிரலில் அந்த த்ரெட் எந்த நொடியிலும் முடிந்துபோகலாம். அதைத் தடுக்க நம் எண்ணிக்கையால் முடியாது. பதிவின் ஆயுளும் பதிவு சுட்டும் பொருளின் ஆயுளும் வேறு வேறு என்பதை ஏற்றுக்கொண்டு வடிவமைத்தால் ரெஃபரன்ஸ் கவுண்டிங் உதவும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், கிராஷ் நின்று, அதன் இடத்தில் தவறான விடைகள் வரத் தொடங்கும்.

எது யாருடையது என்று முதலில் எழுதுங்கள்

நிரலில் கை வைக்கும் முன் ஒரு தாளை எடுத்து, டிபக்கரில் உள்ள ஆப்ஜெக்ட் வகைகள் ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்: இதை உருவாக்குவது யார், இதன் முடிவைத் தீர்மானிப்பது யார், இடையில் இதைப் பயன்படுத்துவோர் யார் யார். எங்கள் பட்டியலில் புராசஸ் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்), த்ரெட், பிரேக்பாயிண்ட், பிரேக்பாயிண்ட் பதிக்கப்பட்ட முகவரி, நினைவகத்தில் ஏற்றப்பட்ட நூலகக் கோப்பு, ஸ்டாக் ஃபிரேம் (ஒரு ஃபங்ஷன் அழைப்புக்குரிய நினைவகப் பகுதி), பயனர் அச்சிட்டுப் பார்த்த மதிப்பு ஆகிய ஏழும் இருந்தன. இரண்டாவது கேள்விக்கான விடைதான் கண்ணைத் திறந்தது. புராசஸும் த்ரெட்டும் முடிவதை ஆய்வுக்கு உள்ளான நிரலும் இயங்குதளமும் தீர்மானிக்கின்றன. நூலகக் கோப்பு வெளியேற்றப்படுவதும் அவ்வாறே. பிரேக்பாயிண்ட்டின் முடிவைப் பயனர் தீர்மானிக்கிறார். ஸ்டாக் ஃபிரேமோ, ஓட்டத்தைத் தொடர்ந்த அந்தக் கணத்திலேயே பொருளிழந்துவிடுகிறது. ஆக, முடிவு நம் கையில் இல்லாத ஆப்ஜெக்ட்டுகளே மிகுதி.

மூன்றாவது கேள்விக்கு விடை எழுதும்போது, திரையில் தெரியும் சாளரங்களை மட்டும் எண்ணி நிறுத்திவிடாதீர்கள். நிகழ்வு வரிசையில் காத்திருக்கும் ‘ஏழாவது த்ரெட் பிரேக்பாயிண்டில் நின்றது’ என்ற செய்தியும் அந்த த்ரெட்டைப் பயன்படுத்துகிறது. ‘இப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட த்ரெட்’ என்று நாம் சேமித்து வைத்திருக்கும் மாறியும், வேலை முடிந்ததும் பழைய த்ரெட்டுக்குத் திரும்புவதற்காக ஒரு ஃபங்ஷன் தற்காலிகமாக வைத்திருக்கும் குறிப்பும் அப்படியே. எங்களிடம் கிராஷ் ஆன இடங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத பயனர்களால் நேர்ந்தவை.

எண்ணியை எங்கே வைப்பது

சி++ மொழியில் இரண்டு வழிகள் உள்ளன. 2011-ஆம் ஆண்டுத் தரத்தில் சேர்ந்த, பிடிகளைத் தானே எண்ணும் பாயிண்டரான (ஆப்ஜெக்ட்டின் நினைவக முகவரியைத் தாங்கும் மாறி) ஷேர்டு பாயிண்டர், எண்ணியை ஆப்ஜெக்ட்டுக்கு வெளியே ஒரு கட்டுப்பாட்டுத் தொகுதியில் வைக்கிறது. மற்றொரு வழி, ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே எண்ணியை ஓர் உறுப்பாக வைப்பது. ஜிடிபி டிபக்கர் இரண்டையும் கையாளுகிறது: த்ரெட், புராசஸ் ஆகியவற்றின் பதிவுகளில் எண்ணி உள்ளேயே இருக்கிறது, பிரேக்பாயிண்டோடு இணைந்த கட்டளைப் பட்டியலுக்கு ஷேர்டு பாயிண்டர் பயன்படுத்தப்படுகிறது. எல்எல்டிபி என்னும் மற்றொரு டிபக்கர் பெரும்பாலும் ஷேர்டு பாயிண்டர் வழியிலேயே செல்கிறது.

புதிதாகத் தொடங்குவோர் ஷேர்டு பாயிண்டரை எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஏனெனில் பின்னால் நமக்குத் தேவைப்படும், எண்ணிக்கையில் சேராமல் சுட்டும் வீக் பாயிண்டர் அதோடு சேர்ந்தே கிடைக்கிறது. ஆனால் ஒரு பொறியை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஒரே வெறும் பாயிண்டரிலிருந்து இரண்டு முறை ஷேர்டு பாயிண்டர் உருவாக்கினால், ஒன்றையொன்று அறியாத இரண்டு எண்ணிகள் உருவாகும். முதலாவது சுழியமாகி ஆப்ஜெக்ட்டை அழித்த பிறகு, இரண்டாவதும் அதே ஆப்ஜெக்ட்டை மறுபடி அழிக்க முயலும். ஓர் ஆப்ஜெக்ட் தன்னைத்தானே பிறரிடம் ஒப்படைக்க வேண்டிய இடங்களில் இந்தத் தவறு எளிதில் நுழையும். அத்தகைய வகைகளை ‘எனேபிள் ஷேர்டு ஃப்ரம் திஸ்’ என்னும் அடிப்படை வகையிலிருந்து பெற்று, அது தரும் ஃபங்ஷன் வழியாக மட்டுமே பிடியைக் கொடுக்க வேண்டும்.

எண்ணியை உள்ளேயே வைப்போர், கூட்டுவதையும் கழிப்பதையும் நிரலில் ஆங்காங்கே கையால் எழுதக் கூடாது. ஒரு ஃபங்ஷனின் நடுவில் பிழை எறியப்பட்டால் கழிக்கும் வரி ஓடாமலேயே போய்விடும். அதற்குப் பதிலாக, உருவாகும்போது கூட்டி, டிஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட் அழியும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்) கழிக்கும் சிறிய பிடி வகை ஒன்றை எழுதி, எல்லாரும் அதையே பயன்படுத்தும்படி செய்யுங்கள். அந்த வகையின் மதிப்பளிப்புச் செயலியில் (=) வரிசை முக்கியம்: புதிய ஆப்ஜெக்ட்டுக்கு ஒன்று கூட்டிவிட்டு, பாயிண்டரை மாற்றி எழுதிவிட்டு, அதன் பிறகே பழையதில் ஒன்று கழிக்க வேண்டும். முதலில் கழித்தால், ஒரு பிடியைத் தனக்கே மதிப்பளிக்கும்போது எண்ணிக்கை ஒன்றிலிருந்து சுழியமாகி, பிறகு, அழிந்துபோன ஆப்ஜெக்ட்டில் ஒன்று கூட்டும் நிலை வரும். கழிப்பதைக் கடைசியில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கழித்தல் டிஸ்ட்ரக்டரை ஓட்டலாம், அந்த டிஸ்ட்ரக்டர் சுற்றி வந்து நம் பிடியையே மறுபடி படிக்கலாம், அப்போது அதில் பழைய முகவரி இருக்கக் கூடாது.

பிரேக்பாயிண்ட் கட்டளைகளைச் சரிசெய்த விதம்

இப்போது அந்த மாணவியின் மூன்று கட்டளைகளுக்கு வருவோம். பிரேக்பாயிண்ட் பட்டியலில் ஆப்ஜெக்ட் இருக்கும்போது எண்ணிக்கை 1. ஓட்டம் நின்றதும், கட்டளைகளை ஓட்டும் ஃபங்ஷன் தன் முதல் வரியிலேயே ஒரு பிடி வாங்குகிறது, எண்ணிக்கை 2. இரண்டாவது கட்டளை பிரேக்பாயிண்டைப் பட்டியலிலிருந்து நீக்கும்போது பட்டியலின் பிடி விடுபடுகிறது, எண்ணிக்கை 1. ஆப்ஜெக்ட் இன்னும் உயிரோடு இருப்பதால் மூன்றாவது கட்டளை பழுதின்றிப் படிக்கப்பட்டு ஓடுகிறது. ஃபங்ஷன் முடியும்போது அதன் பிடியும் விடுபட்டு, எண்ணிக்கை சுழியமாகி, நினைவகம் விடுவிக்கப்படுகிறது.

இதில் ஒரு வடிவமைப்புக் கேள்வி எஞ்சுகிறது: நீக்கப்பட்ட பிரேக்பாயிண்டின் எஞ்சிய கட்டளைகளை ஓட்டுவது முறையா? பயனர் ‘நீக்கு’ என்று சொன்னது பிரேக்பாயிண்டைத்தான். தொடர்ந்து ஓடு என்ற மூன்றாவது கட்டளையை அவர் வேண்டுமென்றேதான் எழுதியிருக்கிறார். ஆகவே ஓட்டுவதே சரி என்று முடிவு செய்தோம். அப்படி முடிவு செய்த பிறகு, பிடிக்க வேண்டியது பிரேக்பாயிண்டை அல்ல, கட்டளைப் பட்டியலை மட்டுமே என்பதும் தெளிவாயிற்று. ஜிடிபியும் இதைத்தான் செய்கிறது: ஓட்டம் நின்றதைப் பற்றிய பதிவு, கட்டளைப் பட்டியலுக்குத் தனியாக ஒரு பிடி வைத்திருக்கிறது, பிரேக்பாயிண்ட் நீக்கப்பட்டால் அந்தப் பதிவிலுள்ள பிரேக்பாயிண்ட் பாயிண்டர் காலியாக்கப்படுகிறது. தேவையான அளவுக்குச் சிறிய பொருளைப் பிடிப்பது, தேவையற்ற பெரிய ஆப்ஜெக்ட்டுகள் நெடுநேரம் தங்கிவிடாமல் தடுக்கிறது.

இதையொட்டி, பாயிண்டரைப் பெறும் ஃபங்ஷன்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் விதி எளியது. அழைப்பவரிடம் ஏற்கெனவே பிடி இருக்கிறது, நடுவில் பயனரின் கட்டளையோ ஸ்கிரிப்டோ நிகழ்வுச் சுழற்சியோ ஓடாது என்ற இரண்டும் உறுதியானால் வெறும் பாயிண்டரே போதும். அவற்றில் எதுவாவது ஓடக்கூடுமென்றால் முதல் வரியிலேயே பிடி வாங்க வேண்டும். த்ரெட் பட்டியலை வரிசையாகச் சுற்றி வரும்போது இடையில் த்ரெட்டுகள் முடியக்கூடும் என்றால், பட்டியலையே பிடிகளாக நகலெடுத்துக்கொண்டு நகலைச் சுற்றி வாருங்கள். சில நூறு கூட்டல் கழித்தல்களால் டிபக்கர் மெதுவாகிவிடாது.

பதிவை அழிக்காதீர்கள், முடிந்ததென்று குறியுங்கள்

த்ரெட் முடிந்துவிட்டது என்று இயங்குதளம் சொல்லும்போது, அதன் பதிவை யாராவது பிடித்திருந்தால் அதை அழிக்க முடியாது. அதற்காக எதுவும் நடக்காதது போல விட்டுவிடவும் கூடாது. ஒவ்வொரு த்ரெட் பதிவிலும் ‘ஓடுகிறது’, ‘நிற்கிறது’, ‘முடிந்தது’ என்ற நிலைக்குறி ஒன்று இருக்கட்டும். முடிவுச் செய்தி வந்ததும் குறியை மாற்றி, பட்டியலின் பிடியை விட்டுவிட வேண்டும். பிடி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பதிவைப் பயன்படுத்தும் முன் குறியைப் பார்க்க வேண்டும். ஜிடிபியில் முடிந்த த்ரெட்டின் பதிவை வேறு எவரும் பிடித்திருந்தால், அது முடிந்ததாகக் குறிக்கப்பட்டு, பின்னர் பொருத்தமான வேளையில் அழிக்கப்படுகிறது.

குறியைப் பார்த்துவிட்ட பிறகும் பாதுகாப்பு முழுமையாவதில்லை. லினக்ஸில் பிட்ரேஸ் என்னும், பிற நிரலைக் கட்டுப்படுத்தும் இயங்குதள அழைப்பால் நிறுத்தி வைத்திருக்கும் த்ரெட் கூட, வேறொரு த்ரெட் புராசஸ் முழுவதையும் முடித்தாலோ, கொல்லும் சிக்னல் வந்தாலோ, நாம் அறியாமல் மறைந்துவிடும். அடுத்த பிட்ரேஸ் அழைப்பு, ‘அப்படியொரு புராசஸ் இல்லை’ என்னும் பொருள் கொண்ட 3-ஆம் எண் பிழையைத் திருப்பும். அதைப் பேரிடராகக் கருதி டிபக்கரை நிறுத்தும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது. அது அன்றாட நிகழ்வு. முடிவுச் செய்தி சற்றுத் தாமதமாக வரப்போகிறது என்பதற்கான முன்னறிவிப்பு, அவ்வளவே.

த்ரெட்டின் அடையாள எண்ணை மட்டும் சேமித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பதுண்டு. இயங்குதளம் தரும் எண் மறுபடி பயன்படுத்தப்படும். நெடுங்காலம் பல லினக்ஸ் அமைப்புகளில் அதன் உச்சவரம்பு 32768 ஆகவே இருந்தது. மிக வேகமாக த்ரெட்டுகளை உருவாக்கி முடிக்கும் நிரலில், பழைய எண்ணைத் தேடினால் முற்றிலும் வேறான த்ரெட் அகப்படலாம். எண்ணைச் சேமிப்பதானால், டிபக்கர் தானே வழங்கும், ஒருபோதும் திரும்ப வராத வரிசை எண்ணைச் சேமியுங்கள்.

ஒரே முகவரியில் இரண்டு பிரேக்பாயிண்டுகள்

எண்ணிக்கை என்பது நம் நினைவகத்துக்கு மட்டும் உரியதல்ல. ஆய்வுக்கு உள்ளான நிரலின் நினைவகத்தில் நாம் செய்த மாற்றத்துக்கும் உரியது. இன்டெல் வகைச் செயலிகளில் பிரேக்பாயிண்ட் பதிப்பது என்றால், அந்த முகவரியிலிருந்த பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே ஓட்டத்தை நிறுத்தும் கட்டளையான 204 என்ற மதிப்பை எழுதுவதுதான். ஒரே முகவரியில் பயனர் ஒரு பிரேக்பாயிண்டும், ‘ஃபங்ஷன் முடியும்வரை ஓடு’ என்ற கட்டளை தற்காலிகமாக இன்னொன்றும் பதிக்கலாம். ஒவ்வொன்றும் தனித்தனியே ‘மூல பைட்’டை எடுத்து வைத்தால், இரண்டாவது எடுத்து வைப்பது மூல பைட்டை அல்ல, முதலாவது எழுதிய 204-ஐ. பிறகு முதலாவது நீங்கி மூல பைட்டை எழுத, அடுத்து நீங்கும் இரண்டாவது மறுபடி 204-ஐ எழுதிவிட்டுப் போய்விடும். டிபக்கர் விலகிய பிறகு அந்த நிரல் அவ்விடத்தை எட்டியதும், கேட்பாரற்ற ட்ராப் சிக்னலால் சாகும். பயனர் தன் நிரலில்தான் பிழை என்று நினைத்து இரவெல்லாம் தேடுவார்.

ஆகவே பிரேக்பாயிண்டையும் அது பதிக்கப்பட்ட முகவரியையும் இரண்டு வகைகளாகப் பிரியுங்கள். முகவரிக்கு ஓர் ஆப்ஜெக்ட் மட்டும் இருக்க வேண்டும். மூல பைட் அதனிடம் மட்டும் இருக்க வேண்டும். அதில் பதிந்திருக்கும் பிரேக்பாயிண்டுகளின் எண்ணிக்கை சுழியத்திலிருந்து ஒன்றாகும்போது 204 எழுதப்படும்; ஒன்றிலிருந்து சுழியமாகும்போது மூல பைட் திரும்பும். இந்தப் பதிப்பு எண்ணிக்கையும் நினைவகப் பிடி எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். பதிப்பு சுழியமான பிறகும், நின்றதைப் பற்றிய பதிவு ஏதேனும் அந்த முகவரி ஆப்ஜெக்ட்டை இன்னும் பிடித்திருக்கலாம்.

மூல பைட்டைத் திரும்ப எழுதும் வேலையை டிஸ்ட்ரக்டரில் வைப்பது அழகாகத் தோன்றும். நானும் அப்படித்தான் முதலில் எழுதினேன். எங்கள் டிபக்கரில் திரையைப் பார்த்துக்கொள்வது ஒரு த்ரெட், ஆய்வை நடத்துவது இன்னொரு த்ரெட். கடைசிப் பிடி திரை த்ரெட்டில் விடுபட்ட நாளில் டிஸ்ட்ரக்டர் அங்கேயே ஓடியது. லினக்ஸில் ஒரு த்ரெட்டை இணைத்துக்கொண்ட த்ரெட்தான் அதன்மேல் பிட்ரேஸ் அழைப்புகளைச் செய்ய முடியும்; வேறு த்ரெட்டிலிருந்து செய்தால் மேற்சொன்ன 3-ஆம் எண் பிழையே வரும். அந்தப் பிழையை நாங்கள் ‘அன்றாட நிகழ்வு’ என்று புறக்கணித்ததால், 204 அங்கேயே தங்கிவிட்டது. இந்த ஒரு பிழையைக் கண்டுபிடிக்க மூன்று சனிக்கிழமைகள் ஆயின. வெளியுலகை மாற்றும் செயல்கள் எல்லாம் வெளிப்படையாக அழைக்கப்படும் ‘முடி’ என்னும் ஃபங்ஷனில், ஆய்வு த்ரெட்டில் நடக்க வேண்டும். டிஸ்ட்ரக்டர் நம் நினைவகத்தை விடுவிப்பதோடு நிற்க வேண்டும்.

த்ரெட்டுகள் பலவாக இருக்கும்போது எண்ணி அட்டாமிக் ஆக, அதாவது ஒரு கூட்டலோ கழித்தலோ நடுவில் வேறு த்ரெட் குறுக்கிடாமல் முடிவதாக, இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷேர்டு பாயிண்டரின் எண்ணிக்கை பல த்ரெட்டுகளிலிருந்து பாதுகாப்பாகக் கூடிக் குறையும். ஆனால் அது ஆப்ஜெக்ட்டின் உள்ளடக்கத்தையோ, இரண்டு த்ரெட்டுகள் ஒரே பிடி மாறியை மாற்றி எழுதுவதையோ பாதுகாக்காது. அவற்றுக்குத் தனியாகப் பூட்டு வேண்டும்.

வட்டம் போட்டுப் பிடித்துக்கொள்வது

புராசஸ் தன் த்ரெட்டுகளைப் பிடித்திருக்கிறது. த்ரெட்டும் தன் புராசஸைப் பிடித்திருந்தால், வெளியிலிருந்து யாருமே பிடிக்காத நிலையிலும் இரண்டின் எண்ணிக்கையும் சுழியமாகாது. எல்.சி. வாங்கிய இரண்டு குழுக்கள், ‘நீ முதலில் திருப்பிக் கொடு’ என்று ஒன்றையொன்று பார்த்து நிற்பதைப் போன்றது இது. 1963-இலேயே சுட்டிக்காட்டப்பட்ட இந்தக் குறை, ரெஃபரன்ஸ் கவுண்டிங் முறையோடு கூடப் பிறந்தது. மேலிருந்து கீழாகச் செல்வது உறுதியான பிடியாகவும், கீழிருந்து மேலாகச் செல்வது வீக் பாயிண்டராகவும் இருந்தால் வட்டம் உருவாகாது. வீக் பாயிண்டரை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. அதை உறுதியான பிடியாக மாற்றக் கேட்க வேண்டும், ஆப்ஜெக்ட் அழிந்திருந்தால் காலியான பிடி திரும்பும். ‘இன்னும் இருக்கிறதா’ என்று தனியே கேட்டுவிட்டு, அடுத்த வரியில் பிடியாக மாற்றாதீர்கள். அந்த இரண்டு வரிகளுக்கு இடையிலேயே அது போய்விடலாம். மாற்றிப் பார்ப்பதே கேள்வியாகவும் இருக்கட்டும்.

எண்ணிக்கை உதவாத இடங்கள்

ஸ்டாக் ஃபிரேமுக்குப் பிடி வாங்குவது பயனற்றது. ஓட்டம் தொடர்ந்த மறுகணமே அந்த ஃபிரேமைப் பற்றி நாம் கணித்து வைத்த பதிவுகள் எல்லாம் பழையனவாகிவிடுகின்றன. எண்ணிக்கை அவற்றை உயிரோடு வைத்திருந்தால், பொய்யை உயிரோடு வைத்திருக்கிறது என்றே பொருள். இங்கே ஃபிரேமின் அடையாளத்தை, அதாவது அதன் ஸ்டாக் முகவரியையும் அது எந்த ஃபங்ஷனுக்குரியது என்பதையும் சேமித்துக்கொண்டு, தேவைப்படும்போது மறுபடி தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எல்எல்டிபியில் புராசஸ், த்ரெட் ஆகியவற்றுக்கு வீக் பாயிண்டரும், கூடவே த்ரெட் எண்ணும் ஃபிரேம் அடையாளமும் சேர்ந்த ஒரு வகை இதற்காகவே உள்ளது.

அச்சிட்டுப் பார்த்த மதிப்புகளில் சிக்கல் வேறு. மதிப்பு தன் தரவு வகையைச் சுட்டுகிறது. தரவு வகையின் விவரம் நூலகக் கோப்பின் பதிவுக்குள் இருக்கிறது. அந்த நூலகம் வெளியேற்றப்பட்டால், மதிப்பு எதைச் சுட்டும்? ஒவ்வொரு மதிப்பும் நூலகப் பதிவு முழுவதையும் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் எண்ணை அச்சிட்டதற்காகப் பல மெகாபைட் விவரங்கள் தங்கிவிடும். ஜிடிபி, நூலகப் பதிவை அழிக்கும் முன், சேமிக்கப்பட்ட மதிப்புகளுக்குத் தேவையான வகை விவரங்களை மட்டும் நகலெடுத்துக்கொள்கிறது. பிடிப்பதற்கு மாற்றாக நகலெடுப்பது என்ற வழியும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பைத்தான் போன்ற ஸ்கிரிப்ட் மொழிக்கு டிபக்கரைத் திறந்துவிட்டால், பயனர் ஒரு பிரேக்பாயிண்டைத் தன் பட்டியலில் போட்டு வைத்துக்கொண்டு நாள் முழுவதும் வைத்திருக்கலாம். ஸ்கிரிப்டிடம் கொடுப்பது மெல்லிய உறையாக இருக்கட்டும். உள்ளே இருப்பது முடிந்துபோனால் உறை காலியாகி, அதைப் பயன்படுத்தும்போது கிராஷுக்குப் பதிலாகத் தெளிவான பிழைச் செய்தி வரட்டும். ஜிடிபியின் பைத்தான் ஆப்ஜெக்ட்டுகள் பலவற்றில், ‘இன்னும் செல்லுமா’ என்று கேட்க ஒரு ஃபங்ஷன் தரப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

சோதித்துப் பார்த்தல்

கம்பைலரின் அட்ரஸ் சானிடைசர் வசதியை இயக்கி டிபக்கரைக் கட்டுங்கள். அது நிரலை ஏறத்தாழ இரண்டு மடங்கு மெதுவாக்கும். ஆனால் விடுவித்த நினைவகத்தைத் தொட்ட இடம், அதை விடுவித்த இடம், அதை முதலில் வாங்கிய இடம் ஆகிய மூன்றையும் வரி எண்ணோடு காட்டும். விடுவிக்கப்பட்ட நினைவகத்தை உடனே மறுபடி வழங்காமல் சிறிது காலம் ஒதுக்கி வைப்பதால், என் கணினியில் ஒளிந்துகொண்டிருந்த பிழை முதல் ஓட்டத்திலேயே வெளிவந்தது. ஒரு சிறு எச்சரிக்கை: அதோடு சேர்ந்துவரும் கசிவு சோதனை, பிட்ரேஸின் கீழ் இயங்கும் நிரலில் வேலை செய்யாது. டிபக்கரை இன்னொரு டிபக்கருக்குள் வைத்து ஓட்டும்போது அந்தச் சோதனையை மட்டும் அணைத்துவிடுங்கள்.

சோதனைக்கென்று நாங்கள் எழுதிய நிரலுக்கு ‘வடசேரி’ என்று பெயர். அங்குள்ள பேருந்து நிலையத்தில் பேருந்துகள் வந்து போவதைப் போல அதில் த்ரெட்டுகள் உருவாகி, சில மில்லி நொடிகளில் முடிந்துகொண்டே இருக்கும். இடையிடையே ஒரு நூலகம் ஏற்றப்பட்டு வெளியேற்றப்படும். எல்லா த்ரெட்டுகளும் கடக்கும் ஃபங்ஷனில், தன்னைத்தானே நீக்கி மறுபடி பதிக்கும் பிரேக்பாயிண்டை வைத்து, இரவு முழுவதும் ஓடவிடுவோம். மின்சாரம் போய்ப் பாதியில் நின்ற இரவுகளும் உண்டு.

சோதனைக் கட்டமைப்பில் ஒவ்வொரு பிடிக்கும் அதை வாங்கிய ஃபங்ஷனின் பெயரைச் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். எண்ணிக்கை 3 என்று மட்டும் தெரிந்தால் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. நிகழ்வு வரிசை, தேர்வு மாறி, மதிப்புச் சாளரம் என்று மூன்று பெயர்களும் தெரிந்தால் எது தங்கிவிட்டது என்பது உடனே புலப்படும். எண்ணியை உள்ளே வைத்திருப்போர், அது சுழியத்துக்குக் கீழே செல்வதை உடனே நிறுத்திச் சொல்லும் சோதனையையும் சேர்க்க வேண்டும். லினக்ஸ் கெர்னலில் 4.11-ஆம் பதிப்பில், 2017-இல், சேர்க்கப்பட்ட எண்ணி வகை, வரம்பு மீறும்போது சுழியத்துக்குச் சுற்றி வராமல் அங்கேயே உறைந்து நிற்கிறது. கசிந்தாலும் பரவாயில்லை, உயிருள்ளதை அழிக்காதே என்ற அதே தேர்வு அது.

டிபக்கரை மூடும்போது முதலில் ஸ்கிரிப்டுகளையும் சாளரங்களையும் மூடி அவற்றின் பிடிகளை விடுவியுங்கள். அடுத்து ஆய்வு த்ரெட்டில் எல்லாப் பிரேக்பாயிண்டுகளையும் ‘முடி’ வழியாக நீக்கி, நிரலிலிருந்து விலகுங்கள். அதன் பிறகு நிகழ்வு வரிசையைக் காலி செய்யுங்கள். கடைசியாகப் புராசஸ் பதிவை விடுங்கள். அப்போது ஒவ்வொரு வகையிலும் எத்தனை ஆப்ஜெக்ட்டுகள் எஞ்சியுள்ளன என்று அச்சிடச் செய்யுங்கள். எங்களுடையதில் இன்றும் நூலகப் பதிவு என்ற வரியில் மட்டும் 1 என்று வருகிறது. அதைப் பிடித்திருப்பவரின் பெயர், நான் இன்னும் பிரித்து எழுதாத மதிப்புச் சாளரம்.